மரத்தின் மணமும் மனிதரின் குணமும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெடுமங்காடு வட்டத்தைச் சேர்ந்த வித்துரா, பொன்முடி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். இங்கிருந்து ஒரு பாதை கல்லாற்றைக் கடந்து பொன்முடிக்கு ஏறுகின்றது. மற்றொரு பாதை போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தை நோக்கிச் செல்கின்றது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் என்னும் சிகரத்துக்குக் கால்நடையாகச் செல்வோர், இப்போணக்காட்டிலிருந்தே புறப்படுவது வழக்கம். தமிழ் நூல்கள் பொதியில் என்றும் பொதிகை என்றும் போற்றும் மலை இதுவே. கிழக்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து நோக்குவோர்க்குப் பாபநாசம் அம்மலையின் வாயிலாயின், மேற்கிலிருந்து நோக்குவோர்க்கு வித்துராவே வாயில் எனலாம்.

தென்றலும் சந்தனமும் பொதிகைக்கு உரியவை என்பது புலவர் மரபு. இன்றோ, அம்மலையின் மேற்கு அடிவாரத்தில் விஞ்ஞானமும் குடிகொண்டிருக்கின்றது. 2008-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் வித்துராவை அடுத்து அமைந்துள்ளது. அண்மையிலுள்ள பாலோட்டில், 1979-இல் தோன்றிய ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் பணிபுரிந்து வருகின்றது. பழைய மரபும் புதிய ஆராய்ச்சியும் அடுத்தடுத்து நிற்கும் இவ்விடத்தை மனத்திற்கொண்டு, சந்தனத்தின் மணத்தைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

இதற்கு ஒரு சிறு காரணமும் உண்டு. ஒரு நறுமணப் பொருளின் விவரக்குறிப்பைத் தமிழாக்கும் பணி இக்கட்டுரையாளருக்கு ஒரு சமயம் வாய்த்தது. அக்குறிப்பில் மூன்று செய்திகள் இருந்தன. அப்பொருளின் மணம் மரத்தின் மணம். அது ஆண், பெண் இருபாலார்க்கும் உரியது. அதனைப் பூசியவர் அமைதியும் உறுதியும் வாய்ந்தவராகத் தோன்றுவர். மூன்றையும் தமிழில் எழுதிவிடுவது எளிதாயிற்று. ஆனால், எழுதி முடித்தபின் மூன்று வினாக்கள் எஞ்சின. மரத்தின் மணம் என்பது யாது? மணத்துக்கு ஆண் என்றும் பெண் என்றும் பால் உண்டா? ஒரு மணம் மனிதனுடைய குணத்தைக் காட்டுமா, அன்றி உண்டாக்குமா? மொழிபெயர்ப்பாளன் சொல்லை மாற்றித் தருவதோடு நின்றுவிடலாம். மாணவர்க்கு விளக்கம் கூறும் ஆசிரியரும், குடியானவர்க்கு யோசனை கூறும் களப்பணியாளரும் அங்ஙனம் நின்றுவிட இயலாது. ஆகவே, இவ்வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

மரமணம் என்பது யாது?

ஒரு பொருள் மணக்க வேண்டுமாயின், அதன் மூலக்கூறுகள் ஆவியாகிக் காற்றில் கலந்து நம் மூக்கை அடைதல் வேண்டும். எளிதில் ஆவியாகும் பொருள் உடனே மணந்து விரைவில் மறைகின்றது. மெல்ல ஆவியாகும் பொருள் மெல்ல மணந்து நெடுநேரம் நிற்கின்றது. நறுமணப் பொருள்களின் தன்மையில் பெரும்பகுதி இவ்வொரு விதியிலேயே அடங்கிவிடுகின்றது.

எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் எழும் மணத்துக்கு முக்கிய காரணமாயுள்ள பொருள்களுள் ஒன்று லிமோனீன் என்பது. இதன் மூலக்கூறில் கார்பன் அணுக்கள் 10 உள்ளன. இது ஏறத்தாழ 176 பாகை சென்டிகிரேடில் கொதிக்கும். சந்தன எண்ணெயின் உயிர்நாடியாகிய ஆல்பா சான்டலால் என்னும் பொருளின் மூலக்கூறிலோ கார்பன் அணுக்கள் 15, ஹைட்ரஜன் அணுக்கள் 24, ஆக்சிஜன் அணு ஒன்று உள்ளன. இதன் கொதிநிலை ஏறத்தாழ 300 பாகை. முன்னது இலேசானது, பின்னது கனமானது. முன்னது சில நிமிடங்களில் பறந்து போகும். பின்னது ஆடையிலும் தோலிலும் மணிக்கணக்கில் தங்கும்.

வெட்டிவேர், அகில், தேவதாரு ஆகியவற்றின் மணத்தையும் நாம் சந்தனத்தோடு ஒருங்கு சேர்த்து எண்ணுகின்றோம். வெட்டிவேர் புல்லின் வேரேயன்றி மரமன்று. ஆயினும் அதன் மணமும் மரமணமாகவே தோன்றுகின்றது. இதற்குக் காரணம், இவை அனைத்தின் எண்ணெயிலும் பதினைந்து கார்பன் அணுக்களைக் கொண்ட ஒரே குடும்பத்துப் பொருள்கள் மிகுந்திருப்பதேயாகும். எனவே, மரமணம் என நாம் கூறுவது, பெரும்பாலும் இக்கனமான மூலக்கூறுகளின் மெதுவான, நீடித்த மணமே.

இம்மெதுவான இயல்பினால் சந்தன எண்ணெய்க்கு மற்றொரு பயனும் வாய்த்தது. மலர்களின் மணம் எளிதில் பறந்துவிடும்; அதனைச் சந்தன எண்ணெயில் ஏற்றிவைத்தால் நெடுநாள் நிற்கும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோசி நகரில் அத்தர் செய்வோர் ரோஜா, மல்லிகை முதலிய மலர்களைச் செப்புப் பானையில் இட்டு வாலைவடித்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் குளிரச்செய்து சேர்க்கும் முறையைப் பல தலைமுறைகளாகக் கைக்கொண்டு வந்துள்ளனர். மலரின் மணத்தைத் தாங்கி நிற்பது மரத்தின் மணமே.

மணக்காத மரம்

சந்தன மரத்தை அறியாதவர் பலர், சந்தனக் காட்டினுள் நுழைந்தால் மணம் கமழும் என எண்ணுகின்றனர். உண்மை வேறு. உயிரோடு நிற்கும் சந்தன மரம் மணப்பதில்லை. அதன் இலைக்கு மணமில்லை. வைக்கோல் நிறத்தில் அரும்பிப் பின்னர்ச் செம்பழுப்பாக மாறும் சிறு பூக்களுக்கும் மணமில்லை. பட்டையை அடுத்த வெளிறிய வெண்மரத்திலும் மணமில்லை. நடுவே வைரம் பாய்ந்த பகுதியில் மட்டுமே எண்ணெய் உண்டாகின்றது.

இந்த வைரம் நட்டவுடன் தோன்றுவதன்று. மரம் பத்து முதல் பதினைந்து வயதை எட்டும்போதே வைரம் பாயத் தொடங்குகின்றது. நல்ல எண்ணெய்க்குரிய முதிர்ச்சியடைய முப்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் செல்லும். எண்ணெய் மிகுதியாக இருப்பது வேரில். ஆகவே, சந்தன மரத்தை வெட்டிச் சாய்ப்பதில்லை. வேரோடு அகழ்ந்தெடுப்பதே வழக்கம். ஒரு மரத்தை எடுத்தால் அடியும் எஞ்சுவதில்லை என்பதைக் களப்பணியாளர் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

ஆண்டுக்கு 600 முதல் 1,600 மில்லிமீட்டர் வரை மழை பெய்யும் வறண்ட காடுகளில், நீர் தேங்காத நிலத்தில் இம்மரம் செழிக்கின்றது. கேரளத்தில் இயற்கையாக வளரும் சந்தனத்துக்குப் பெயர்பெற்ற இடம் இடுக்கி மாவட்டத்து மறையூர். அது மழைமறைவுப் பகுதி. பருவமழையை நேரே எதிர்கொண்டு பசுமைமாறாக் காடுகள் சூழ்ந்து நிற்கும் வித்துரா, பொன்முடிப் பக்கங்கள் சந்தனத்துக்கு உகந்த நிலமல்ல. பொதிகைச் சந்தனத்தைத் தேடி வித்துராவிலிருந்து மலையேறுகின்றவர் அடர்ந்த ஈரக்காட்டையே காண்பர். அதனால் புலவர் மரபு பொய்யாகிவிடவில்லை. ஒரே மலைத்தொடரின் இரு சரிவுகளில் மழை வேறுபடுகின்றது. அதற்கேற்ப மரமும் வேறுபடுகின்றது. கிழக்குச் சரிவின் வறண்ட காடுகளே சந்தனத்தின் இயல்புக்கு ஏற்றவை. தாவரங்களின் புவியியலைக் கற்பிக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மணத்துக்கு ஆண், பெண் உண்டா?

இரண்டாம் வினாவுக்கு இரசாயனம் தரும் விடை மிகச் சுருக்கமானது. ஆல்பா சான்டலாலின் மூலக்கூறு எவர் தோலின்மேல் இருப்பினும் ஒன்றே. அதற்குப் பால் இல்லை.

முகர்வோரிடத்தில் வேறுபாடு உண்டா எனக் கேட்கலாம். மணத்தை அறியும் திறனில் பெண்கள் சராசரியாக ஆண்களைவிடச் சற்று மேம்பட்டவர் எனப் பல ஆய்வுகளை ஒருங்கு திரட்டிப் பார்த்த ஒரு மதிப்பீடு 2019-இல் கூறிற்று. அவ்வேறுபாடு மிகச் சிறியது என்பதையும் அதே மதிப்பீடு எடுத்துரைத்தது. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு அதனினும் பெரிது. வியர்வையில் காணப்படும் ஆன்ட்ரோஸ்டினோன் என்னும் பொருள் சிலருக்குத் துர்நாற்றமாகவும், சிலருக்கு இனிய மணமாகவும் தோன்றுகின்றது. சிலருக்கு மணமே தெரிவதில்லை. மூக்கிலுள்ள ஒரு வகை மணவாங்கியின் மரபணு மாறுபடுவது இதற்கு ஒரு காரணம் என 2007-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. ஒருவருக்கு உகந்த மணத்தை மற்றவர் விரும்பவில்லையெனில், அதனை இரசனைக் குறைவு எனக் கொள்ளுதல் கூடாது என்பதும் இதனால் பெறப்படும்.

ஆயின், கடைகளில் ஆண்களுக்கு ஒரு புட்டி, பெண்களுக்கு ஒரு புட்டி என வேறுபாடு ஏன்? அது பெரும்பாலும் வழக்கத்தாலும் வாணிகத்தாலும் வந்தது. 1709-இல் ஜெர்மனியின் கோலோன் நகரில் ஃபரீனா என்பவர் விற்கத் தொடங்கிய நறுநீரை ஆடவரும் மகளிரும் ஒப்பப் பயன்படுத்தினர். 1889-இல் பாரிஸின் கெர்லேன் நிலையம் வெளியிட்ட 'ஜிக்கி' என்னும் நறுமணத்தையும் இருபாலாரும் விரும்பினர். இருபதாம் நூற்றாண்டில், மலரின் மணம் பெண்களுக்கு, மரத்தின் மணம் ஆண்களுக்கு என்னும் பிரிவு மேனாட்டுச் சந்தையில் வலுப்பெற்றது. 1994-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று இருபாலார்க்கும் உரியதென விளம்பரப்படுத்தி ஒரு நறுமணத்தை வெளியிட்டபோது, அது புதுமை எனப் பேசப்பட்டது.

நம் நாட்டில் அது புதுமையன்று. மணவீட்டு வாயிலில் வைக்கும் சந்தனக் கிண்ணத்தில் ஆண்களுக்கென ஒன்று, பெண்களுக்கென ஒன்று என இரண்டு வைப்பதில்லை. கேரளத்துக் கோயில்களில் இலைத்துண்டில் வைத்துத் தரும் சந்தனத்தை ஆடவரும் மகளிரும் ஒருங்கே நெற்றியில் இடுகின்றனர். வெயிற்காலத்தில் முதியவர் மார்பிலும், அம்மை கண்ட குழந்தையின் உடலிலும், மணமகளின் கையிலும் பூசப்படுவது ஒரே சந்தனமே. மரமணத்தை ஆடவர்க்கு உரியதெனக் கூறுபவர், நம் வீடுகளின் வழக்கத்தை அறியாதவர் எனலாம்.

சந்தனத்துக்குப் பால் வேற்றுமை பாராத நாமும், அச்சந்தனத்துக்கு உரியதெனப் போற்றப்பட்ட மலையில் அதனைப் பார்த்தே வந்தோம். அகத்தியர்கூடச் சிகரத்துக்கு ஏறப் பெண்களுக்கு அனுமதி நெடுங்காலம் இல்லாதிருந்தது. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் பின்னர், 2019 ஜனவரி முதல் பெண்களும் போணக்காட்டிலிருந்து மலையேறினர். வழக்கம் என்பது இயற்கையின் விதியன்று, மனிதர் வகுத்தது, ஆராய்ந்து மாற்றத்தக்கது.

குணம் எங்கே இருக்கின்றது?

மூன்றாம் வினாவே கடினமானது. சந்தனத்தின் மணம் அமைதி, பொறுமை, முதிர்ச்சி ஆகிய குணங்களை நினைவூட்டுகின்றது எனப் பலர் கூறுவர். அக்குணம் மணத்தில் இருக்கின்றதா, நம் மனத்தில் இருக்கின்றதா?

மனிதனுக்கு ஏறத்தாழ 400 வகை மணவாங்கிகள் உள்ளன. இவற்றுக்குரிய பெரும் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் ஆகிய இருவர் 1991-இல் கண்டறிந்து விளக்கினர். 2004-இல் நோபல் பரிசும் பெற்றனர். ஒரு மணம் பல வாங்கிகளை வெவ்வேறு அளவில் தூண்டுகின்றது. ஹார்மோனியத்தில் பல கட்டைகளை ஒருசேர அழுத்தினால் ஒரு தனி நாதம் எழுவதைப்போல, இத்தூண்டுதல்களின் சேர்க்கையே நாம் உணரும் மணம். அச்செய்தி மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை மிகக் குறுகிய வழியில் சென்றடைகின்றது. ஒரு மணத்தை முகர்ந்தவுடன் அதன் பெயர் நினைவுக்கு வருமுன்னரே பழைய நிகழ்ச்சி ஒன்று கண்முன் தோன்றுவது இதனாலேயே எனக் கருதுகின்றனர்.

ஆகவே, ஒரு மணம் எந்தக் குணத்தை நினைவூட்டும் என்பது, நாம் அதனை முதலில் எங்கே, எவரோடு சந்தித்தோம் என்பதைப் பெரிதும் பொறுத்தது. இக்கட்டுரையாளருக்குச் சந்தனம் எனின், திண்ணையில் அமர்ந்து கல்லில் கட்டையை இழைத்துக்கொண்டிருந்த பாட்டனாரின் நினைவே வரும். அவர் அவசரமாக எதையும் செய்து கண்டதில்லை. அவருடைய நிதானம் சந்தனத்தின் குணமாக இளமையிலேயே மனத்தில் பதிந்துவிட்டது. மற்றொருவருக்கு அதே மணம் ஈமச்சிதையில் இடும் சந்தனத் துண்டை நினைவூட்டித் துயரம் தரலாம். ஐரோப்பாவில் வளர்ந்தவருக்கு அது தொலைதூரக் கீழ்நாடுகளின் கனவாகத் தோன்றலாம். மூலக்கூறு ஒன்றே, குணங்கள் மூன்று.

பெயரும் மணத்தை மாற்றவல்லது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே இரசாயனக் கலவையை முகரக் கொடுத்து, ஒரு முறை பாலாடைக்கட்டி என்றும், மற்றொரு முறை வாந்தி என்றும் பெயரிட்டனர். முன்னதை விரும்பியவரே பின்னதை வெறுத்தனர். ஆகவே, ஒரு புட்டியின்மேல் உறுதியான ஆடவர்க்கு என்றோ, மென்மையான மகளிர்க்கு என்றோ எழுதும்போது, அவ்வெழுத்தும் சேர்ந்தே மணக்கின்றது.

எனினும், மணத்தால் குணத்தில் யாதொரு விளைவும் இல்லை எனக் கூறிவிடவும் இயலாது. 2009-இல் பிரிட்டனில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியில், சில ஆடவர்க்கு நறுமணமுள்ள தெளிப்பானும், வேறு சிலர்க்கு மணமற்றதும் தந்தனர். நறுமணம் பூசியோர் தம்மிடம் கூடுதலான நம்பிக்கை கொண்டனர். அவர்களை ஒலியின்றிப் படம்பிடித்துப் பெண்களுக்குக் காட்டியபோது, முகரவே இயலாத அப்பெண்களும் நறுமணம் பூசியவரையே கூடுதலாக விரும்பினர். மணம் பார்ப்பவரைச் சென்றடையவில்லை; பூசியவரின் நிமிர்வும் நடையும் சென்றடைந்தன. குணம் புட்டிக்குள் இல்லை. அதனைப் பூசிய மனிதரின் மனத்தில் எழுகின்றது என்பதே இதன் பொருள்.

கொடுப்பதும் கொள்வதும்

சந்தனத்தைத் தியாகத்தின் உருவமாக நம் முன்னோர் கண்டனர். தேயத் தேய மணக்கும், வெட்டிய கோடரிக்கும் மணம் தரும் என நீதி கூறுவது இன்றும் பள்ளிகளில் கேட்கும் செய்தி. அந்நீதி நன்று. ஆயினும், மரத்தின் மெய்யான இயல்பையும் உடன் கூறுதல் ஆசிரியரின் கடமை. சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி. இதனை 1871-இல் ஜான் ஸ்காட் என்பவர் கண்டறிந்தார். பின்னர்ச் சென்னை மாகாணத்தின் அரசாங்கத் தாவரவியலாளராயிருந்த பார்பர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை விரிவாக ஆராய்ந்தார்.

சந்தனத்தின் பச்சை இலைகள் தாமே உணவு ஆக்குகின்றன. ஆனால், அதன் வேர்களில் தோன்றும் உறிஞ்சு முடிச்சுகள், அருகிலுள்ள செடிகொடிகளின் வேர்களைப் பற்றி அவற்றிலிருந்து நீரையும் தாதுப்பொருள்களையும் பெறுகின்றன. துணைச்செடி இல்லாத சந்தனக் கன்று வெளிறி நலிந்துவிடும். நாற்றங்காலில் துவரையைத் துணையாக வைப்பதும், தோட்டத்தில் அகத்தி, சவுக்கு முதலியவற்றை இடையில் நடுவதும் இதற்காகவே. தனியே நட்டு, நாள்தோறும் நீர் ஊற்றியும் கன்று பட்டுப்போயிற்று எனக் கூறும் குடியானவர் உண்டு. கன்றின் பக்கத்தில் களை என எண்ணிப் பறித்தெறிந்த செடியே அதன் செவிலித்தாயாக இருந்திருத்தல் கூடும்.

அயலாரிடமிருந்து பெற்றே வளர்ந்து, முப்பது ஆண்டுகள் கழித்துப் பிறருக்கு மணம் தருகின்றது சந்தனம். இவ்வாறு கூறினால் நீதி குறைவதில்லை, மேலும் மெய்யாகின்றது. மாணவரும் அவ்வாறே பிறரிடம் பெற்று வளர்கின்றவர்தாமே.

மரத்துக்கு நேர்ந்த கதி

இத்தகைய மரம் இன்று அருகிவருகின்றது. உலகப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் இந்தியச் சந்தனத்தை அழிவபாயத்துக்கு உள்ளாகத்தக்கது எனக் குறித்துள்ளது. காரணங்கள் மூன்று எனலாம்.

முதலாவது, நோய். 1899-இல் குடகில் முதன்முதலாக அறியப்பட்ட முள்முடி நோய் தாக்கிய மரத்தில் இலைகள் சிறுத்து, விறைத்து, கிளை நுனியில் முட்கள்போல் நிற்கும். சில ஆண்டுகளில் மரம் மடியும். நுண்ணுயிர் வகையொன்றே இதற்குக் காரணம் என்பது 1969-இல் தெளிவாயிற்று. தத்துப்பூச்சி இனங்கள் இதனைப் பரப்புகின்றன. நோயுற்ற மரத்தை மீட்கும் மருந்து தோட்டத்தில் பயன்படும் வகையில் இல்லை. உடனே கண்டறிந்து அகற்றுதலே வழி.

இரண்டாவது, களவு. வேரோடு மதிப்புள்ள மரமாதலின், இளமரங்களும் தப்புவதில்லை. வைரம் பாய்ந்திருக்கின்றதா எனப் பார்ப்பதற்காகவே வெட்டி, வெண்மரம் எனக் கண்டு எறிந்துவிட்டுப் போவதும் உண்டு.

மூன்றாவது, சட்டம் பற்றிய அச்சம். திப்பு சுல்தான் 1792-இல் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார் என்பர். அவ்வழக்கம் பின்னரும் தொடர்ந்தது. தன் நிலத்தில் தானே முளைத்த மரமும் அரசாங்கத்தின் சொத்து. அது களவு போனால் விளக்கம் கூறும் பொறுப்பு மட்டும் குடியானவருடையது. ஆகவே, வேலியோரத்தில் பறவை விதைத்த கன்றைப் பலர் ஓசையின்றிப் பிடுங்கி எறிந்தனர். கர்நாடகத்தில் 2001-இலும், தமிழ்நாட்டில் 2002-இலும் சட்டம் திருத்தப்பட்டு, வளர்ப்பவர்க்கே மரத்தின் உரிமை கிடைத்தது. ஒரு மரத்தைக் காப்பதற்காக இயற்றிய விதி, அம்மரத்தை வளர்ப்போர் இல்லாமற் செய்தது என்பது சிந்திக்கத்தக்க வரலாறு.

முன்னரும் ஒரு நெருக்கடி நேர்ந்து நன்மையாக முடிந்ததுண்டு. மைசூர் நாட்டுச் சந்தனக் கட்டை பெருமளவில் ஜெர்மனிக்குச் சென்று அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டு வந்தது. 1914-இல் உலகப் போர் மூண்டபோது அவ்வாணிகம் நின்றது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இரசாயன அறிஞர்கள் வடிக்கும் முறையை ஆராய்ந்து தந்தனர். 1916-ஆம் ஆண்டளவில் மைசூர் அரசாங்கமே எண்ணெய் வடிக்கத் தொடங்கிற்று. அதன் தொடர்பாகச் சந்தனச் சோப்பும் பிறந்தது. கட்டையாக விற்ற நாடு, எண்ணெயாகவும் சோப்பாகவும் விற்கக் கற்றது. அண்ணனும் தங்கையும் ஒரே கட்டியைத் தேய்த்துக் குளித்த அச்சோப்பே, இந்தியாவில் மிகப் பலர் அறிந்த இருபால் மரமணம் எனலாம்.

இப்போது போட்டி வேறிடத்திலிருந்து வருகின்றது. ஆஸ்திரேலியாவின் மேற்கு மாநிலத்தில், ஆர்டு நதியின் பாசனப் பகுதியில் 1990-களின் இறுதி முதல் இந்தியச் சந்தனமே பெரும் தோட்டங்களாக வளர்க்கப்பட்டது. ஆய்வுக்கூடங்களில் செய்யப்படும் செயற்கைப் பொருள்களும் சந்தன மணத்தைத் தருகின்றன. இவற்றைப் பழிப்பதற்கில்லை; இவை காட்டு மரத்தின்மேலுள்ள சுமையைக் குறைக்கவும் கூடும். ஆனால், சந்தனம் என்னும் பெயரால் செயற்கை மணத்தை மட்டுமே முகர்ந்து வளரும் குழந்தைக்கு, அம்மணத்தின் பின்னே ஒரு மரமும், முப்பது ஆண்டுகளும், துணைநின்ற ஓர் அகத்தியும் உண்டு என்பதை எவர் கூறுவர்?

வகுப்பிலும் களத்திலும் செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் செலவின்றி இரு சோதனைகளைச் செய்துகாட்டலாம். முதலில், மூன்று காகிதத் துண்டுகளை எடுத்து, ஒன்றில் எலுமிச்சைத் தோலைப் பிழியவும். ஒன்றில் ஊறவைத்த வெட்டிவேரைத் தேய்க்கவும். ஒன்றில் இழைத்த சந்தனத்தைச் சிறிது தடவவும். உடனேயும், பத்து நிமிடம் கழித்தும், ஒரு மணி கழித்தும், மறுநாளும் மாணவர் முகர்ந்து குறித்துக்கொள்ளட்டும். இலேசான மூலக்கூறு முதலில் மறைவதை அவர்களே அறிவர். சந்தையில் கிடைக்கும் பொடி பல கலப்படம். கட்டை கிடைக்காவிடின் வெட்டிவேர் ஒன்றே போதும்.

அடுத்து, வெட்டிவேர் நீரில் நனைத்த இரு துண்டுகளுள் ஒன்றன்மேல் ஆண்களுக்குரியது என்றும், மற்றதன்மேல் பெண்களுக்குரியது என்றும் எழுதி, வகுப்பின் இரு பகுதியினர்க்குத் தனித்தனியே தருக. முகர்ந்தவுடன் தோன்றும் குணத்தை ஒரு சொல்லில் எழுதச் செய்க. பின்னர் இரு பட்டியல்களையும் கரும்பலகையில் எழுதி, இரண்டும் ஒரே நீர்தான் என்பதை வெளிப்படுத்துக. பட்டியல்கள் வேறுபடின், சொல்லின் ஆற்றல் விளங்கும். வேறுபடாவிடின், மணத்துக்குப் பால் இல்லை என்பது விளங்கும். எவ்வாறாயினும் பாடம் உண்டு.

களப்பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டியவை இவை: நீர் தேங்காத நிலத்தையே தேர்க. துணைச்செடியின்றிக் கன்று நடலாகாது. நுனி இலை சிறுத்து விறைத்த மரத்தைக் கண்டவுடன் தெரிவிக்க. நடுதல், வெட்டுதல், கொண்டுசெல்லுதல் பற்றிய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், அவற்றை அவ்வப்போது வனத்துறை அலுவலகத்தில் கேட்டறிந்து குடியானவர்க்கு எடுத்துரைக்க. பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதை மறைக்காமல் முதலிலேயே கூறுக. விரைவில் செல்வராகலாம் எனச் சந்தனக் கன்று விற்போர் சொல்லும் கணக்கை நம்பி ஏமாந்தவர் மீண்டும் மரம் நடமாட்டார்.

இனி, தொடக்கத்தில் கூறிய மூன்று வினாக்களுக்கும் விடை கூறிவிடலாம். மரமணம் என்பது மெல்ல எழுந்து நெடுநேரம் நிற்கும் கனமான மூலக்கூறுகளின் மணம். அதற்குப் பால் இல்லை. அதில் நாம் காணும் குணம், நாமும் நம் முன்னோரும் அதனோடு வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து வந்தது. பொறுமை என்னும் குணம் சந்தனத்துக்கு உண்மையாகவே உண்டெனின், அது புட்டியில் இல்லை. வைரம் பாயும்வரை கன்றைக் காத்து நிற்பவரிடம் இருக்கின்றது. அகத்தியர்கூடத்தின் அடிவாரத்துப் பள்ளியொன்றில் வெட்டிவேரை முகர்ந்து தன் சொல்லைத் தானே எழுதும் சிறுமியும், மறையூர்ச் சரிவில் துவரையோடு ஒரு கன்றை நடும் குடியானவரும் அப்பொறுமையை நமக்குக் கற்பிக்கட்டும்.